திருட்டுப் பட்டம்

சென்ற விடுமுறையில் ஆவடியிலுள்ள ஓர் அங்காடியில் நம் கல்லூரித் தோழர் ஒருவரை வாசலில் மறித்துவிட்டனர். நாற்பது ரூபாய்ப் பேனாவைச் சட்டைப் பையில் செருகியவர், பணம் செலுத்த மறந்துவிட்டார். பின்னறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, 'திருடினேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டே அனுப்பினர். அவருக்கு அன்று என்ன உரிமை இருந்தது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் திருட்டு. மறதி திருட்டாகாது, ஆகுமென்றால், நூலகப் புத்தகத்தைத் திருப்பாத நம்மில் எத்தனை பேர் தப்புவோம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, ரூ.5,000-க்குக் குறைந்த முதல் திருட்டில், பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை. அது ஜாமீனில் விடத்தக்க குற்றமும்கூட. கட்டடத்துள் நடந்த திருட்டு என்று 305-ஆம் பிரிவைச் சேர்த்தால் நிலைமை கடுமையாகும்.

தனிமனிதர் ஒருவரைக் கைது செய்யலாமா? கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விடமுடியாத, போலீசார் வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாயின் செய்யலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, பத்து மடங்கு அபராதம் பிடுங்கவோ எவருக்கும் அதிகாரமில்லை. காரணமின்றி அறையில் அடைத்தால் அடைத்தவரே குற்றவாளி. பெண்ணைச் சோதனையிடுவது போலீசாரானாலும், பெண்ணே கண்ணியத்தோடு செய்ய வேண்டும்.

நம் தோழர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளுக்கு வருவோம். காவல்துறை அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. கடைக்காரரிடம் எழுதித் தந்ததோ, மிரட்டிப் பெற்றதென்று காட்ட முடியாவிட்டால், சாட்சியமாக வந்து நிற்கக்கூடும்! 'வீட்டுக்குப் போய்விடலாம்' என்ற அவசரத்தில் இடும் கையெழுத்தே பெரும் ஆபத்து. மறுத்துவிட்டு, 'போலீசை அழையுங்கள்' என்று சொல்வதே மேல்.

போலீசார் வந்த பிறகும் உரிமைகள் உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிமுறைகளையே வகுத்தது. எனினும் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி உயிரிழந்தார். காவலர்கள்மீது கொலை வழக்குப் பதிவாகி, விசாரணை சி.பி.ஐ.யிடம் சென்றது.

காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நம் தோழர் இப்போது அந்த எண்ணைத் தம் அடையாள அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாள் மட்டும் இன்னும் கடையிலேயே இருக்கிறது.