வெயிலும் கந்தகமும் சூழ்ந்த நிலத்தில் மேற்பூச்சு ரெட்டினாய்டுகள்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் ‘மருந்து’ என்னும் சொல் வெடிக்கலவையைக் குறிக்கும். மருந்து செலுத்துதல், மணிமருந்து உலர்த்துதல் ஆகியன அங்கு அன்றாட வழக்குகள். மருந்துக்கடையில் வாங்கும் களிம்புக்கும் அதே சொல்லே வழங்குகிறது. இவ்விரு மருந்துகளும் ஒரே முகத்தோலில் சந்திக்கும் நிலையை, முகப்பருவுக்கும் வெயிலால் சிதைந்த தோலுக்கும் மருத்துவர் பரிந்துரைக்கும் ட்ரெட்டினாய்ன், அடாபலீன் முதலிய மேற்பூச்சு ரெட்டினாய்டுகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மருந்தின் இயல்பு

ரெட்டினாய்டுகள் வைட்டமின் ஏ-யின் வழிப்பொருள்கள். மயிர்க்கால் துளைகளில் இறந்த செல்கள் ஒட்டி அடைபடுவதை இவை தடுக்கின்றன. அடித்தோலில் கொலாஜன் உருவாக்கத்தைத் தூண்டுகின்றன. அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் ட்ரெட்டினாய்ன் முகப்பருவுக்குப் பயன்படுவதை 1969இல் வெளியிட்டனர். முகப்பருவுக்காகப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் சுருக்கம் குறைந்ததாகக் கூறியதைத் தொடர்ந்து, வெயிலால் மூப்படைந்த தோல் பற்றிய ஆய்வு 1986இல் வெளிவந்தது. கிளிக்மன் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளிடம் நிகழ்த்திய தோல் ஆய்வுகள் கடும் அறவியல் கண்டனத்துக்கு உள்ளாயின என்பதையும் இங்குச் சுட்டுதல் வேண்டும்.

நிலமும் எச்சரிக்கையும்

மழை குறைந்த வறண்ட காலநிலையே 1923இல் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றத் துணைநின்றது. வெடிக்கலவை விரைந்து உலர உதவும் அதே வறட்சி, ரெட்டினாய்டு பூசிய தோலையும் உலர்த்துகிறது. இம்மருந்து மேற்றோலின் புறப்படலத்தை மெலிதாக்குவதால் வெயிலின் தாக்கம் மிகும். உலர்மேடையில் நண்பகல் வரை நிற்கும் தொழிலாளிக்கு ‘வெயிலைத் தவிர்க்க’ என்னும் அறிவுரை ஏறத்தாழப் பொருளற்றது.

ட்ரெட்டினாய்னுக்கான அமெரிக்க மருந்துக் குறிப்பு, கந்தகம் கலந்த பூச்சுகளுடன் சேர்த்துப் பயன்படுத்துகையில் தனிக்கவனம் வேண்டும் என்கிறது. அது கருதியது முகப்பருவுக்கான கந்தகக் களிம்பையே. ஆயினும் கந்தகத் தூள் படியும் தொழிலிடத்தில் இவ்வெச்சரிக்கையைப் புறந்தள்ள இயலாது என்பது கட்டுரையாளரின் கருத்து. ஆல்ககால் கலந்த ட்ரெட்டினாய்ன் ஜெல் தீப்பற்றக்கூடியது என்பதும் அக்குறிப்பிலேயே உள்ளது. ஆலைக்குள் அதனை எடுத்துச் செல்லலாகாது என்பதை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பயன்படுத்தும் முறை

பணி முடிந்து திரும்பியதும் முகத்தில் படிந்த தூளைத் தேய்க்காமல் மென்மையான சோப்பால் கழுவ வேண்டும். தோல் முற்றும் உலர 20 முதல் 30 நிமிடம் விட்டு, இரவில் மட்டும் பூச வேண்டும்; ட்ரெட்டினாய்ன் ஒளியில் சிதையும் தன்மையது. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தடவும் வழக்கம் பயனற்றது, ஏனெனில் புதிய அடைப்புகளைத் தடுப்பதே இதன் வேலை. கண்ணோரம், உதட்டோரம், மூக்கின் மடிப்பு ஆகியவற்றை விலக்க வேண்டும்.

0.025 விழுக்காடு ட்ரெட்டினாய்ன் அல்லது 0.1 விழுக்காடு அடாபலீன் கொண்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஓர் இரவு எனத் தொடங்குவது நன்று. முதற்சில வாரங்களில் பரு மிகுவதுபோல் தோன்றும். பலரும் இக்கட்டத்தில்தான் கைவிடுகின்றனர். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்களாகும். வெயிற்சிதைவுக்கோ பல மாதங்கள் வேண்டும். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு கூடுதலாகப் பூசினால் விரைவில் குணமாகும் என்பது தவறான நம்பிக்கை. நம்மவரின் மாநிறத் தோலில் ஒவ்வோர் அழற்சியும் கருந்தழும்பை விட்டுச்செல்லும். எதைப் போக்கப் பூசினரோ அதுவே மிகும்.

பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு தேவை. வியர்வையில் அது கரைந்தோடுவதால், முகத்தை மறைக்கும் துணியையே முதன்மைக் காப்பாகக் கொள்ளலாம். ஆலையில் அது பருத்தித் துணியாக இருத்தல் வேண்டும். செயற்கையிழை நிலைமின்னூட்டத்தை உண்டாக்கும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் செல்வது தனியே புண்ணை விளைவிக்கும்.

கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் மேற்பூச்சு ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும் என ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் அறிவுறுத்தியது. திருமணத்தை எதிர்நோக்கி முகப்பொலிவுக்காகப் பூசத் தொடங்கும் பெண்களுக்கு இச்செய்தி பூசும் முன்னரே சொல்லப்பட வேண்டும்.

கலப்புக் களிம்பு

மங்குக்கெனத் தரப்படும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன், மொமெட்டசோன் கலந்த களிம்பு, மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் மட்டுமே பூசத்தக்கது. மக்கள் வழக்கில் அது ‘சிவப்பழகு’ களிம்பாகிவிட்டது. அதிலுள்ள மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதலில் முகம் தெளியும். நாளடைவில் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் புலப்பட்டு, முகப்பருவே மிகும். இந்தியத் தோல்நோய் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ எனும் பொருளில் தனிப்பெயரே சூட்டியுள்ளனர். பல ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டின்றி விற்பதற்கு நடுவண் அரசு 2018இல் தடை விதித்தது. ஆயினும் குழாயின் மேலுள்ள உட்கூறுகள் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் உள்ளன. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் ஆகிய மூன்று பெயர்களைத் தமிழில் எழுதி மருந்துக்கடையிலும் ஆலை வாயிலிலும் ஒட்டினால், வாங்குபவர் அவற்றைச் சொல்லி விற்பனையாளரிடமே கேட்க முடியும். இவற்றை நெடுநாள் பூசியவர் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அவர்கள் தோல்நோய் மருத்துவரின் துணையுடனேயே நிறுத்த வேண்டும்.