ஒரு வாளி போதும்

பெங்களூரில் தண்ணீருக்குப் பஞ்சம். கார் இன்ஜினுக்கோ தண்ணீர்தான் பகை. பானட்டுக்கு அடியில் சேரும் அழுக்கை ஹோஸ் பைப் இல்லாமல் எடுப்பதே இரண்டுக்கும் நல்லது.

2024 மார்ச். கோடை முழுதாக இறங்குவதற்கு முன்பே பெங்களூர் குழாய்களில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. மாநகரின் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதல்வர் சித்தராமையா அறிவித்தார். மார்ச் 8ஆம் தேதி குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். அந்த மாதத்திலேயே, குடிநீரை வீணடித்ததாக மூன்று நாளில் 22 குடும்பங்கள் மாட்டின. வசூலான தொகை 1.1 லட்சம் ரூபாய். 2025 பிப்ரவரியில் அதே தடை மீண்டும் வந்தது.

வாரியத்தின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பெங்களூர் குடிக்கும் காவிரி, மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் பயணம் செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்புகளால் ஏற்றப்பட்டு ஊருக்குள் வருகிறது. அப்படி மலையேறி வந்த தண்ணீரைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோஸ் பைப் வைத்து காரின் மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

காரின் மேற்பூச்சைப் பொறுத்தவரை ஈரத்துணியும் அரை வாளித் தண்ணீரும் போதும் என்பதை அந்தக் கோடையில் பலரும் பழகிக்கொண்டார்கள். பானட்டைத் திறந்ததும்தான் கை மறுபடி பைப்பைத் தேடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு, செம்மண் தூசி, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து அப்பிக் கிடக்கும் இன்ஜினைப் பார்த்தால் யாருக்குமே பீய்ச்சி அடிக்கத்தான் தோன்றும். அபராதத்தைவிடப் பெரிய செலவு அங்கேதான் காத்திருக்கிறது.

அம்பாஸடர் காலத்துப் பழக்கம்

அம்பாஸடரும் பியட்டும் ஓடிய நாட்களில் மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயையோ டீசலையோ இன்ஜின் மேல் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போனால் வண்டி அடம்பிடிக்கும். மூடியைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்.

அந்த இன்ஜின்கள் இப்போது இல்லை. 2000 வாக்கில் மாருதி 800க்கே கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்ஷன் வந்தது. 2010 ஏப்ரலில் பெங்களூர் உள்ளிட்ட 13 நகரங்களில் பிஎஸ்-4 விதிகள், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6. புகையைக் குறைக்கக் குறைக்க சென்சார்கள் கூடின. காற்றை அளக்க ஒன்று, ஆக்ஸிஜனை அளக்க ஒன்று, கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைப் பார்க்க ஒன்று. எல்லாம் மெல்லிய வயர்கள் வழியாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் செய்தி அனுப்புகின்றன. பல கார்களில் அந்தப் பெட்டியும் பானட்டுக்குக் கீழேயே இருக்கிறது.

மழையில் நனையாதா இன்ஜின் என்று கேட்கலாம். நனையும். வயர் கனெக்டர்களில் இருக்கும் ரப்பர் வளையங்கள் மழைச் சாரலையும் சாலையில் தெறிக்கும் தண்ணீரையும் தாங்குவதற்கென்றே வைக்கப்பட்டவை. வீட்டில் வாங்கி வைக்கும் பிரஷர் வாஷர் விஷயம் வேறு. கார் டயரில் நிரப்பும் காற்றின் அழுத்தம் முப்பது பவுண்டுக்குச் சற்று மேல். சிறிய பிரஷர் வாஷரில்கூடத் தண்ணீர் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வருகிறது. அந்த வேகத்துக்கு ரப்பர் வளையம் பிளந்து வழி விடும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. அடுத்த நாள் கார் ஓடும், அடுத்த வாரமும் ஓடலாம். பிறகு ஒரு நாள், கனெக்டரின் பின்கள் பச்சை பூத்த பின், சில்க் போர்டு சந்திப்பில் இன்ஜின் விளக்கு எரியும். கழுவியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்கும் தோன்றாது.

ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஸ்பார்க் பிளக் குழிகள், காற்று ஃபில்டருக்குப் போகும் வாய் இவை நான்கும் தண்ணீரே படக்கூடாத இடங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். அதன் உப்பு காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும். உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரமும் எளிதாகக் கசியும்.

அப்படியானால் தொடாமலே விட்டுவிடலாமா? பெங்களூரில் அது முடியாது. சாலையோரப் புங்க மரமும் குல்மொஹரும் தூங்குமூஞ்சி மரமும் நிழலோடு இலையையும் பூவையும் கொடுக்கின்றன. வைப்பர் அடியில் உள்ள சல்லடை வழியாக அவை இறங்கி, மழைத்தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கின்றன. அடைத்தால் தண்ணீர் காருக்குள், முன் சீட்டின் காலடிக்கே வரும். காய்ந்த சருகு சூடான எக்ஸாஸ்ட் குழாய் மேல் விழுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. எலிக்கும் அந்தச் சருகுதான் மெத்தை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்

வேலையைக் காலையில், ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் செய்வது உத்தமம். சூடான இரும்பில் கை சுடும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உலோகத்துக்கும் நல்லதல்ல. சில கார்களில் சாவியை எடுத்த பின்பும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். விரலை இழந்த பின் அது தெரிய வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

முதலில் பாட்டரி. பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது மைனஸ் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிக் காரின் பாடியில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும். பாட்டரி ஹைட்ரஜன் வாயுவைக் கசியவிடக்கூடியது. பக்கத்தில் பீடி சிகரெட் கூடவே கூடாது. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி அமிலத்தின் வேலை. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பாட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்ததும் லேசாக வாஸலின் பூசலாம். பாட்டரியைக் கழற்றினால் சில கார்களில் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும். அதைக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களுக்கு விதி வேறு. ரேவா என்ற எலெக்ட்ரிக் காரை 2001லேயே விற்ற ஊர் பெங்களூர். இப்போது தெருவுக்குத் தெரு அந்த ஜாதி. ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அது உயிரைக் குடிக்கக்கூடிய மின்சாரம். அதன் அருகே ஸ்பேனரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சருகைப் பொறுக்குவதோடு சரி.

அடுத்தது காய்ந்த வேலை. அழுக்கில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. சருகைக் கையால் பொறுக்கி, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அழுத்தினால் மடங்கும். பிரஷ்ஷை மேலிருந்து கீழாக மட்டும் ஓட்ட வேண்டும். எலிப் புழுக்கை இருந்தால் எச்சரிக்கை. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை, முகமூடி போட்டு, பிளீச்சிங் கரைசலால் நனைத்துத் துடைக்க வேண்டும். பெருக்கவும் கூடாது, வாக்குவம் போடவும் கூடாது. கூடவே வயர்களில் பல் தடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எலியை விரட்டப் புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. எல்லா எலியும் அதற்குப் பயப்படுவதாகத் தெரியவில்லை.

மிஞ்சிய பிசுக்குக்குத்தான் வாளி. கார் ஷாம்புவோ, தண்ணீர் கலந்த டிகிரீஸரோ, எதுவானாலும் துணியிலோ பிரஷ்ஷிலோ எடுத்துத் துடைக்க வேண்டும். இன்ஜின் மேல் ஊற்றக்கூடாது. துடைப்பதற்கு முன் எண்ணெய் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, ஆல்டர்னேட்டரையும் ஃபியூஸ் பெட்டியையும் பிளாஸ்டிக் பையால் மூடலாம். பெல்ட்டில் ஷாம்பு பட்டால் வழுக்கிக் கிறீச்சிடும். இரண்டாவது துணியை வெறும் தண்ணீரில் பிழிந்து மறுபடி துடைத்தால் முடிந்தது.

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் பக்கம் போகவே கூடாது. ரப்பர் ஹோஸ்களை ஊதவைத்து வீணாக்கும். பெட்ரோல் ஆவி ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். பளபளப்புக்காக எண்ணெய் பூசுவதும் வேண்டாத வேலை. நாலே நாளில் அதன் மேல் தூசி இருமடங்காக ஒட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், எண்ணெய் தடவி மினுக்கும் இன்ஜினைப் பார்த்தால் மயங்காமல் சந்தேகப்பட வேண்டும். கசிவை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. துடைத்து வைத்த சொந்தக் காரில், ஒரு வாரம் கழித்துப் புதிதாக எண்ணெய் தெரியும் இடம்தான் கசியும் இடம். பெரிய ரிப்பேர் செலவை முன்கூட்டியே சொல்லும் ஜோசியம் அது.

வாளியில் மிஞ்சிய கறுப்புத் தண்ணீரைத் தெரு ஓரத்தில் கொட்டினால் அது ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய்க்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகும். பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்ததை நாடே பார்த்தது. அந்த ஏரி நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு நுரையாகப் போய்ச் சேருகிறது. பாத்ரூம் சாக்கடையில் ஊற்றினால் சுத்திகரிப்பு நிலையத்துக்காவது போகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்துத் தனியாகப் போட வேண்டும்.

பானட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் உலரவிட்டு, பிளாஸ்டிக் பைகளை எடுத்து, பாட்டரியை மாட்டி, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கலாம். மூடுவதற்கு முன் துணிகளை எண்ண வேண்டும். நான்கு உள்ளே போயிருந்தால் நான்கும் வெளியே வந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேல் மறந்து வைத்த ஒரு துணி போதும், வழியில் புகை கிளம்ப.