பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே கன்சோல்

2006 நவம்பரில், இரண்டே நாள் இடைவெளியில், இரண்டு வீடியோ கேம் கன்சோல்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 3 விலை 499 டாலரில் தொடங்கியது. ப்ளூ-ரே டிஸ்க் ஓடும், கிராபிக்ஸ் கண்ணைப் பறிக்கும். நின்டெண்டோவின் ‘வீ’ 249 டாலர்தான், எச்.டி. படம்கூட அதில் வராது. ஆனால் கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது வீதான். பிளேஸ்டேஷன் 3 ஒன்பது கோடியை எட்டவில்லை.

வீக்கு முந்தைய கேம்கியூப் சுமார் 2.17 கோடியோடு நின்றுபோனது. அப்போது நின்டெண்டோ தலைவராக இருந்த சடோரு இவாடா, இன்னும் வேகமான சிப்பைத் தேடி ஓடவில்லை. கேமே ஆடாதவர்கள் ஏன் ஆடவில்லை என்று யோசித்தார். பட்டன்கள் நெருங்கிக் கிடக்கும் கன்ட்ரோலரைக் கையில் வாங்கவே பலருக்குத் தயக்கம். டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கொடுத்து, டென்னிஸ் மட்டையைப் போல வீசச் சொன்னால்? அப்படி ஆடும் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ கேம், ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் கன்சோலோடு சேர்ந்தே வந்தது. முதியோர் இல்லங்களில் அதை வைத்து பௌலிங் போட்டிகள் நடந்தன. தினமும் எடை பார்த்துக் குறித்துவைக்கும், நின்டெண்டோவின் கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவின் பழக்கத்திலிருந்து ‘வீ ஃபிட்’ என்ற உடற்பயிற்சி கேம் பிறந்தது.

இப்படி எப்போதாவது அரை மணி நேரம் ஆடுபவர்களைத்தான் ‘கேஷுவல்’ என்கிறார்கள். இரவெல்லாம் விழித்து ஒரு கேமை முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பவர்கள் ‘ஹார்ட்கோர்’. கன்சோலை நஷ்டத்துக்கு விற்று, கேம்களில் லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்கு இந்த இரண்டாம் வகையினரே உயிர்நாடி. பிளேஸ்டேஷன் 3 அப்படித்தான் விற்கப்பட்டது.

வீயின் பலவீனமும் இங்கேதான். வீ ஸ்போர்ட்ஸோடு திருப்தியடைந்த குடும்பங்கள் பல, அதற்கப்பால் அதிகம் வாங்கவில்லை. மற்ற கன்சோல்களுக்கு வந்த பெரிய கேம்கள் பல, திறன் போதாத வீக்கு வரவே இல்லை. சும்மா பொழுதுபோக்க ஸ்மார்ட்போனும் வந்துவிட்டது. 2012இல் வந்த ‘வீ யூ’ யாருக்கானது என்பதே மக்களுக்குப் புரியவில்லை. மொத்த விற்பனை சுமார் 1.35 கோடி.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் அடி வாங்கியது. கையில் எதையும் பிடிக்காமல் உடலை அசைத்தே ஆடும் கினெக்ட் கேமரா, 2010இல் முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. அந்த உற்சாகத்தில் 2013இல் வந்த தங்கள் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலோடு கினெக்டையும் சேர்த்தே வாங்கவைத்தார்கள். விலை 499 டாலர். சோனியின் பிளேஸ்டேஷன் 4 விலையோ 399. தனக்கு வேண்டாத கேமராவுக்கு 100 டாலர் கூடுதலாகக் கொடுக்க எந்தத் தீவிர கேமர் சம்மதிப்பார்? அடுத்த ஜூனிலேயே கினெக்ட் இல்லாத பெட்டி 399 டாலருக்கு வந்தது. அந்தச் சறுக்கலிலிருந்து எக்ஸ்பாக்ஸ் ஒன்னால் பிளேஸ்டேஷன் 4ஐ எட்டிப்பிடிக்கவே முடியவில்லை.

கேஷுவல், ஹார்ட்கோர் இரு தரப்பையும் ஒரே கன்சோலில் சேர்ப்பது எப்படி என்பதற்கு நின்டெண்டோ விடை கண்டது 2017இல், ‘ஸ்விட்ச்’சில். முதல் நாளே பல மணி நேரம் உழைப்பு கேட்கும் ‘செல்டா’ கேம் வந்தது. அடுத்த மாதம் ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’. அதில் கார் பாதையை விட்டு விலகாமல் காக்கும் வசதி உண்டு. சிறு குழந்தை அதைப் போட்டுக்கொள்ளலாம், கைதேர்ந்த அக்கா அணைத்துவிடலாம், இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடலாம். யாருக்காகவும் யாரையும் ஒதுக்கவில்லை. ஸ்விட்ச் விற்பனை 15 கோடியைத் தாண்டியது.

வீட்டுக்குக் கன்சோல் வாங்க நினைப்பவர்கள் சிப்பின் வேகத்தைக் கேட்கும் முன், வீட்டில் யார் யார் ஆடப்போகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கான கேம் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.