போர்டு போய்விட்டதா? சற்றுப் பொறுங்கள்!

நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. பக்கத்து விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அது 1956-ல். இன்று எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மின்வாரியம், அந்தப் பக்கம் இன்னொன்று. ஆனால் இடிக்கு எல்லை ஏது? ஐப்பசியில் குருசுமலைப் பக்கம் மேகம் கறுத்தால், மறுநாள் வெள்ளறடையிலும் பனச்சமூட்டிலும் ரிப்பேர் கடைகளுக்கு வேலை வந்துவிடும்.

அப்படி வரும் பொருள்களில் ஒன்று இண்டக்‌ஷன் அடுப்பு. "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொன்னால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். உண்மையில் பல சமயம் கெட்டிருப்பது முழுப் போர்டு அல்ல. அதிலுள்ள ஓரிரு சிறு பாகங்கள்தான்.

அடுப்புக்குள் நடப்பது இதுதான். 230 வோல்ட் மின்சாரம் முதலில் பியூஸ் வழியாக வருகிறது. அடுத்து வாரிஸ்டர் என்ற, காசு போன்ற வட்ட வில்லை. மின்னலால் வோல்டேஜ் எகிறினால் இது அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பியூஸ் எரிந்து மற்றவை தப்பும். பிறகு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஏ.சி.யை டி.சி. ஆக்குகிறது. அங்கே சுமார் 325 வோல்ட். அதிலிருந்து ஒரு சின்ன ஐ.சி., விசிறிக்கு 18 வோல்ட்டும், பட்டன்களுக்கும் டிஸ்பிளேக்கும் 5 வோல்ட்டும் தயாரித்துத் தருகிறது. பாத்திரத்தைச் சூடாக்கும் சுருளை இயக்குவது ஐ.ஜி.பி.டி. என்ற பெரிய டிரான்சிஸ்டர்.

இனி நோயை எப்படி அறிவது?

பியூஸ் கண்ணாடி கறுத்துப்போயிருந்தால் உள்ளே ஷார்ட். வாரிஸ்டர், பிரிட்ஜ், ஐ.ஜி.பி.டி. மூன்றையும் சோதிக்க வேண்டும். பியூஸ் மட்டும் மாற்றினால் மறுபடியும் எரியும். பியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

பியூஸ் நன்றாக இருந்தும் விளக்கே எரியவில்லையா? அந்தச் சின்ன ஐ.சி.யின் பகுதியைப் பார்க்க வேண்டும். டிஸ்பிளே மினுக்கினால், விசிறி சோம்பினால், தலை உப்பிய கண்டென்சர் காரணமாக இருக்கலாம். விசிறி இழுக்கும் காற்றோடு கரப்பானும் உள்ளே போய் ஷார்ட் ஆவதுண்டு.

நல்ல மெக்கானிக் பழுது பார்த்ததும் நேரே பிளக்கில் மாட்டமாட்டார். 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் இணைத்துச் சோதிப்பார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் போகவில்லை. ஒருமுறை மின்னி மங்கினால் நல்ல அறிகுறி. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; எது, ஏன் எரிந்தது என்றும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

ஆனால் வீட்டில் யாரும் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது உயிருக்கே ஆபத்து.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் சாதனங்களிலும் கவனம் தேவை. லேபிளில் 100–240 என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால், ஏற்ற டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் பிளக்கில் மாட்டவே கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை இடிமின்னல் குறித்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம். எனவே மேகம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி தலைக்கு மேல் வந்தபின் எதையும் தொடாதீர்கள். அடுப்பு போனால் வேறு வாங்கலாம்.