சூரியனை முந்தும் கடிகாரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் சுவர்க் கடிகாரம் பகல் 12 காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. சராசரியாக 1 மணி 18 நிமிடத்துக்குத்தான் வரும். வருடத்தின் எந்த நாளிலும் இங்கே காலை 7 மணிக்கு முன் சூரியன் உதிப்பதில்லை. ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் ஏறக்குறைய 7.35 ஆகிவிடும். ஊரிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே போனால் தாய்லாந்தின் ஹட்யாய். பஸ் ஏறி அங்கே போய் வந்தவர்கள் எல்லை தாண்டியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருப்பார்கள். சூரியன் என்னவோ இரண்டு ஊரிலும் ஒரே வேளையில்தான் உச்சிக்கு வருகிறது.

ராத்திரி பத்து மணிக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை என்று வருந்துகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய பத்து மணி, சூரியக் கணக்கில் 8.42. அதேபோல, பினாங்குத் தொழிற்சாலைக்குப் பஸ் பிடிக்க நாலரைக்கு எழுகிறவர் உண்மையில் எழுவது மூன்றே காலுக்குக் கொஞ்சம் முன்னால்.

இந்த இடைவெளி நாமே உண்டாக்கியது. 1905-இல் மலாயாவின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு 7 மணி முன்னால் வைக்கப்பட்டது. 1933-இல் 20 நிமிடமும் 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடமும் கூட்டினார்கள். ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம். சயாம்-பர்மா ரயில்பாதை போடத் தோட்டங்களில் ஆள் பிடித்த அந்தக் காலத்தில் பாகான் செராயின் உச்சிவேளை கடிகாரப்படி 2.18. போர் முடிந்ததும் பழையபடி ஏழரை. பிறகு 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணியைத் தாண்டி நேரே 1982-க்குள் குதித்தன. சபா, சரவாக்கோடு சேர்ந்து நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்பது காரணம். நிர்வாகத்துக்கு அது வசதிதான். கிழக்கே கோத்தா கினபாலுவில் ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடுகிறது. பேராக்காரர்களின் உடம்புக்கு மட்டும் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

உடம்பு எந்த நேரத்தைக் கேட்கிறது? மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடல்வெப்பம் இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் தாளம் போடுவது அதுதான். அதன் ஒரு சுற்று 24 மணி அல்ல, சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999-இல் ஹார்வர்டின் சார்லஸ் செய்ஸ்லர் குழு அளந்து சொன்னது. தானாக விட்டால் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். வெளிச்சம்தான் தினமும் அதைச் சரிசெய்கிறது. காலை வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். இதற்கென்றே விழித்திரையில் தனி அணுக்கள் இருப்பதை 2002-இல் டேவிட் பெர்சன் காட்டினார். உருவம் பார்ப்பது இவற்றின் முக்கிய வேலை அல்ல. எவ்வளவு வெளிச்சம் என்று அளப்பதே வேலை. பார்வையை முழுதும் இழந்தவர்கள் சிலருக்குக்கூட இவை ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன.

பால்மரம் வெட்டிய தலைமுறையிடம் கேட்டால், படுத்ததும் தூங்கிவிடுவோம் என்பார்கள். இது வெறும் பழம்பெருமை இல்லை. ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் விடியுமுன்தான் அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் குறையும், மங்கில் பால் வடிவதும் குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. நெற்றி விளக்கோடு மரத்தடியில் நிற்பவர் விடியலை நாள் தவறாமல் வெளியில் இருந்தே பார்த்தார். மேகம் மூடிய நாளிலும் திறந்தவெளியில் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் உண்டு. விளக்குப் போட்ட வீட்டு ஹாலில் நூறு முதல் முந்நூறு வரைதான். மர நிழலைக் கழித்துக்கொண்டாலும் அவர் கண்ணுக்குக் கிடைத்தது நம்மைவிடப் பல மடங்கு. பால்வாளி சுமந்து நடந்த உழைப்பு தனிக் கணக்கு. மாலையில் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. ஆக, உடம்பின் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து கொடுத்த இரண்டு விஷயங்கள் அவர்களுக்குக் கேட்காமலே கிடைத்தன: காலையில் நிறைய வெளிச்சம், இரவில் நிறைய இருட்டு. கொசுவும் ஒழுகும் கூரையும் கூடவே கிடைத்தன என்பதால் அந்த வாழ்க்கைக்கு ஏங்க வேண்டியதில்லை.

இன்றைய மனிதருக்கும் அந்தத் தாளம் திரும்புமா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக்காக எட்டுப் பேரை ராக்கி மலைக்கு ஒரு வாரம் கூடாரம் போட அழைத்துப் போனார். மின்விளக்கு இல்லை, கைபேசி இல்லை. வார முடிவில் அவர்கள் உடம்பில் இரவு ஹார்மோனான மெலட்டோனின் சுரக்கும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டது. இதன் மறுபக்கத்தை 2011-இல் ஜோஷுவா கூலியின் ஆய்வு காட்டியது. படுக்கும் முன் மங்கல் வெளிச்சத்துக்குப் பதில் சாதாரண அறை விளக்கில் இருந்தவர்களுக்கு மெலட்டோனின் சுரக்கும் காலம் ஏறத்தாழ 90 நிமிடம் சுருங்கியது. கைபேசியின் நீல ஒளியை மட்டும் எல்லாரும் திட்டுகிறார்கள். கூரையில் எரியும் வெள்ளைக் குழல்விளக்கையும் சேர்த்துத் திட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது படுக்கும் நேரம் அல்ல, எழும் நேரம். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் கூட. எழுந்து, வெளிச்சம் வந்ததும் அரைமணி வெளியில் இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்கு இடப் பஞ்சம் இல்லை. 1906-இல் புக்கிட் மேரா ஏரி நீரைக் கொண்டுவந்த கிரியான் பாசனத் திட்டம் நெல்வயல்களையும் வாய்க்கால்களையும் விட்டுச் சென்றிருக்கிறது. அந்தக் கரைகளில் காலை ஏழரைக்கு மேல் நடந்தால் போதும். ஏழுக்கு முன் நடப்பவர்கள் நல்ல உடற்பயிற்சி செய்கிறார்கள், ஆனால் வெளிச்சம் வாங்குவதில்லை. இருட்டிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பஸ்ஸின் சன்னல் திரையை விலக்கி உட்காரலாம், முதல் ஓய்வில் வெளியே வந்து நிற்கலாம். இரவு உணவு முடிந்தபின் பெரிய விளக்கை அணைத்து, மூலையில் ஒரு மஞ்சள் விளக்கோடு இருந்துவிடலாம்.

எத்தனை மணிக்குத் தூக்கம் வருவது இயல்பு? மின்சாரம் இல்லாத மூன்று வேட்டைச் சமூகங்களை, தான்சானியா, நமீபியா, பொலிவியாவில், ஜெரோம் சீகல் குழு அளந்து 2015-இல் வெளியிட்டது. அவர்கள் பொழுது சாய்ந்ததும் சுருண்டுவிடவில்லை. சூரியன் மறைந்து சராசரியாக மூன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகே தூங்கினார்கள். தூங்கியதும் 5.7 முதல் 7.1 மணி நேரம்தான். நம் ஊரில் சராசரியாக 7.20 வாக்கில் சூரியன் மறைகிறது. அந்தக் கணக்கை வைத்தால் தூக்கம் இறங்குவது பத்தரைக்கு மேல். ஒன்பதரைக்கே படுத்து விட்டத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவர் நோயாளி அல்ல, சீக்கிரம் வந்துவிட்ட விருந்தாளி.

இப்படிச் சீக்கிரம் போய்ப் படுப்பதுதான் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. இதற்கு 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்ன வழி எளியது. கண் சொக்கும்போது மட்டும் படு. கொஞ்ச நேரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கல் வெளிச்சத்தில் உட்கார், மறுபடி சொக்கினால் வா. படுக்கையில் கணக்குப் பார்ப்பது, படம் பார்ப்பது, சண்டை போடுவது கூடாது. 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் இன்னும் துணிந்தார். எட்டு மணி நேரம் படுத்து ஆறு மணி தூங்குகிறவரை ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கச் சொன்னார். தூக்கம் இறுகியபின் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினார். தூக்கமின்மைக்கு வந்தவரிடம் படுக்கும் நேரத்தைக் குறை என்பது விபரீதமாகத் தோன்றும், முதல் வாரம் கொடுமையாகவும் இருக்கும். ஆனால் இவ்விரண்டையும் உள்ளடக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல், மாத்திரைக்கும் முன்னால், முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. இயந்திரம் இயக்குபவர், மோட்டார் சைக்கிளில் தூரம் போகிறவர், வலிப்பு நோய் உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் நேரத்தைக் குறைக்க வேண்டாம். யாராயினும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

மாமாக் கடையில் ஒன்பது மணிக்கு உறிஞ்சும் தே தாரேக்கையும் சொல்லாமல் விட முடியாது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்துக்கான அழுத்தத்தைக் கூட்டுகிறது. காஃபீன் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை நாலுக்கு மேல் டீ, கோப்பி வேண்டாம். மதுவின் கதை வேறு: சீக்கிரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மின்விசிறி ஓடட்டும், தூக்கத்துக்கு உடல்வெப்பம் இறங்கியாக வேண்டும். படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன் வெந்நீர்க் குளியலும், தோலுக்கு ரத்தத்தை வரவழைத்து, அதே வேலையைச் செய்யும்.

பழக்கத்தால் தீராத ஒன்றும் உண்டு. உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிகிறவருக்குத் தொண்டை வழி அடைபடுகிறது. அவர் எவ்வளவு காலை வெயிலில் நின்றாலும் அது திறக்காது. பெரும்பாலும் அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அந்த மூச்சுத் திணறலைக் கைபேசியில் பதிவுசெய்து, அரசாங்க கிளினிக்கில் காட்டி, தூக்கப் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள்.