அள்ளிய கல் திரும்பவில்லை

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத் தென்கரையில், ஸ்டார்ட் முனைக்கு அருகே, ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவர் ஊர் இருந்தது. 1891 கணக்கெடுப்பில் 37 வீடுகள், 159 பேர். குன்றின் அடியில் கடலைப் பார்த்தபடி வீடுகள். முன்னால் அகலமான கூழாங்கல் கரை. படகை இழுத்து ஏற்றியதும் வலையைக் காயவைத்ததும் அதன்மேல்தான். புயலில் வரும் அலையின் வேகத்தைத் தணித்ததும் அதுதான்.

டெவன்போர்ட் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்கக் கான்கிரீட்டுக்குக் கல் தேவைப்பட்டது. ஊராரைக் கேட்காமலே அனுமதி தரப்பட்டு, 1897 ஏப்ரலில் இந்தக் கரையோரம் அள்ளத் தொடங்கினார்கள். மீனவர்கள் முறையிட்டார்கள். விசாரணை நடந்தது, ஊருக்கு ஆபத்தில்லை என்றே முடிந்தது. அள்ளிய இடத்தைக் கடல் நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை. நாளொன்றுக்கு 1,600 டன் வரை போயிற்று. மொத்தம் சுமார் 6,50,000 டன்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைக் கரையில் குனிந்து ஒரு கல்லை எடுத்தாலே பார்க்கலாம். பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல். பின்னால் நிற்கும் குன்றோ ஏடு ஏடாக உரியும் வேறு பாறை. அந்தக் குன்று இடிந்து இந்தக் கல் பிறக்காது. பனியூழி முடிந்து கடல் ஏறியபோது கடலடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த பழைய இருப்பு அது. அதை வட்டி என்று நினைத்து முதலையே எடுத்துவிட்டார்கள். கடற்கரையில் கை வைக்க அனுமதி கேட்கும் எவரிடமும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: இந்தக் கல், இந்த மணல், எங்கிருந்து வருகிறது? இன்னும் வருகிறதா?

கரை பல அடி தாழ்ந்தது. 1902 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தார்கள், காலம் கடந்துவிட்டது. 1917 ஜனவரி 26 இரவு, கிழக்குப் புயலும் உயர் ஓதமும் ஒன்றாக வந்தன. வீடுகள் இடிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. அவ்வாண்டு முடிவில் குடியிருக்கத் தக்கதாக ஒரே ஒரு வீடு மிஞ்சியது. அரசு கொடுத்த இழப்பீடு ஊர் முழுவதற்கும் 6,000 பவுண்டு.

அந்த ஒற்றை வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜான் 1964இல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

அதே விரிகுடாவில், சில கிலோமீட்டர் வடக்கே, ஸ்லாப்டன் கூழாங்கல் திட்டின்மேல் ஓடும் சாலையைப் புயல் 2001இலும் 2018இலும் பெயர்த்தெறிந்தது. அதை 1897இன் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அந்தத் திட்டும் அதே பழைய இருப்பில்தான் நிற்கிறது.