ஓட்டமும் கணக்கும் – 9: ஏட்டில் ஏறாத சாதனை

2011 ஏப்ரல் 18. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 42.195 கிலோமீட்டரை 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அன்றைய உலகச் சாதனை 2:03:59. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசிலாசி 2008-இல் பெர்லினில் ஓடியது. முட்டாய் அதைவிட 57 விநாடி குறைவாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் உலகச் சாதனை ஏட்டில் அவர் பெயர் ஏறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பேட்ரிக் மக்காவ் பெர்லினில் 2:03:38-இல் ஓடினார். முட்டாயைவிட 36 விநாடி கூடுதல். அதுதான் உலகச் சாதனை என்று பதிவானது.

முட்டாயிடம் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் பாதையில் இருந்தது. சர்வதேசத் தடகள அமைப்பின் விதி சாலை ஓட்டச் சாதனைகளுக்கு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. பாதை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு, ஓடும் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாஸ்டன் பாதை இரண்டிலும் தவறுகிறது. மேற்கே ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, கிழக்கு நோக்கியே போய், பாஸ்டன் நகரின் நடுவில் முடிகிறது. வரைபடத்தில் இரு முனைகளையும் நேராக இணைத்தால் ஏறத்தாழ 38.5 கிலோமீட்டர். விதி அனுமதிப்பது 21 கிலோமீட்டர்தான்.

இந்த இரண்டாவது நிபந்தனையைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பள்ளிப் பாடத்தில் ‘இடப்பெயர்ச்சி’ என்று படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துபோகிற அந்த அளவு, ஓர் உலகச் சாதனையைத் தீர்மானிக்கிறது!

முட்டாயின் ஓட்டத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால்கள் கடந்த தூரம் 42.195 கிலோமீட்டர். எடுத்த நேரம் 7,382 விநாடி. வகுத்தால் மணிக்கு 20.6 கிலோமீட்டர். இது சராசரி வேகம். தொடங்கிய புள்ளியிலிருந்து முடிந்த புள்ளிவரை நேராக அளந்தால் 38.5 கிலோமீட்டர். அதை அதே நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 18.8 கிலோமீட்டர், கிழக்கு வடகிழக்குத் திசையில். இது சராசரி திசைவேகம்.

இனி பெர்லினுக்கு வாருங்கள். அங்கே ஓட்டம் பிராண்டன்பர்க் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சாலையில் தொடங்குகிறது. நகரம் முழுக்கச் சுற்றிவிட்டு அதே சாலைக்கு வந்து முடிகிறது. இரு கோடுகளுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கெப்ரசிலாசியின் சராசரி வேகம் மணிக்கு 20.4 கிலோமீட்டர். சராசரி திசைவேகமோ மணிக்கு அரைக் கிலோமீட்டருக்கும் கீழே. ஓட்டக்காரரின் திறமையிலோ உழைப்பிலோ பெரிய வித்தியாசம் கிடையாது. பாதையின் வடிவம் மாறியது, எண் தலைகீழாகிவிட்டது.

மாணவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘திசைவேகம் என்றால் வேகத்தோடு திசையையும் எழுதுவது’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஏதோ ஒரு கணத்தில் ஓட்டக்காரர் எப்படிப் போகிறார் என்று கேட்டால் அது சரி. அந்தக் கணத்து வேகத்தோடு ‘கிழக்கே’ என்று சேர்த்தால் போதும். சராசரிக்கு அது பொருந்தாது. பெர்லின் ஓட்டத்துக்கு ‘மணிக்கு 20.4 கிலோமீட்டர், கிழக்கே’ என்று எழுதினால் முழுத் தவறு. திசை சேரும்போது எண்ணே வேறாகிவிடுகிறது, ஏனென்றால் கிழக்கே ஓடியதை மேற்கே ஓடியது கழித்துவிடுகிறது. சராசரி திசைவேகத்தின் அளவு சராசரி வேகத்தை ஒருபோதும் தாண்டாது. இரண்டும் சமமாவது வளையாமல், திரும்பாமல் ஒரே திசையில் போனால் மட்டுமே.

சரி, தடகள அமைப்புக்கு இதில் என்ன அக்கறை? காற்று! பாஸ்டனில் அன்று ஓட்டக்காரர்களின் முதுகுப் பக்கமிருந்து பலத்த காற்று வீசியது. காற்றுக்குத் திசை உண்டு. ஒரே பக்கமாக ஓடுகிறவரை அது வழிநெடுகத் தள்ளிக்கொண்டே வரும். சுற்றி வருகிறவரைப் பாதி வழி தள்ளும், மீதி வழி மறிக்கும். தள்ளியதும் மறித்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்றின் தடை, எதிர்ப்படும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் எதிர்காற்றில் இழப்பது, பின்காற்றில் பெறுவதைவிட அதிகம். சுற்றி ஓடுகிறவருக்கு, நிலையாக வீசும் காற்று மொத்தத்தில் நஷ்டமே தரும்.

மைதானத்திலும் இதே நியாயம்தான். 100 மீட்டரில் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோது காற்று 0.9 மீட்டர், ஆகவே செல்லும். 200 மீட்டரில் ஓட்டக்காரர் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் நுழையும்போதுதான் காற்றை அளக்கத் தொடங்குவார்கள். 400 மீட்டருக்குக் காற்றுமானியே தேவையில்லை. முழுச் சுற்று அது.

அந்த முழுச் சுற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்டு வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவருக்குக் கிடைத்தது எட்டாவது லேன். வெளி லேனின் சுற்றளவு பெரிது என்பதால், எல்லோரும் 400 மீட்டரே ஓட வேண்டி எட்டாவது லேன்காரரை வளைவில் 53 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். முடிவுக்கோடு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆக, வான் நீகெர்க் உயிரைக் கொடுத்து ஓடி முடித்தபோது, தொடங்கிய இடத்துக்குப் பின்னால் நேர்கோட்டில் சுமார் 50 மீட்டர் தள்ளி நின்றார். சராசரி வேகம் விநாடிக்கு 9.3 மீட்டர். சராசரி திசைவேகம் விநாடிக்கு 1.2 மீட்டரைக்கூடத் தொடவில்லை. நாம் சாதாரணமாக நடக்கும் வேகம் அது. முதல் லேனில் ஓடுகிறவருக்கோ தொடக்கக் கோடும் முடிவுக்கோடும் ஒன்றே. எவ்வளவு பறந்தாலும் சராசரி திசைவேகம் சுழியம்.

ஓட்டக்காரரின் திறமையை அளக்கச் சராசரி வேகம் போதும். அவருக்குக் காற்று உதவியதா என்று பார்க்க இடப்பெயர்ச்சியும் வேண்டும். இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாவுக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதும், அது அழிவதற்குள் ஒரு வகுப்பை அங்கே நடத்துங்கள். வெளி லேனில் ஒரு பிள்ளையை ஒரு சுற்று ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுக்கோடு வரை மற்ற பிள்ளைகளே டேப் பிடித்து அளக்கட்டும். இரண்டு வகுத்தல் கணக்குகளையும் அவர்களே போடட்டும்.

(தொடரும்)